அரை லிட்டர் பால், நான்கு பஞ்சாயத்து, ஒரு அப்போஸ்தலர்

1838 கோடைக்காலம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஃபார் வெஸ்ட் என்றொரு புத்தம்புது ஊர். மார்மன்கள் என்ற புதிய கிறிஸ்தவச் சபையினர் கட்டியது. பக்கத்து மாவட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள், இங்கேயாவது விடுவார்கள் என்ற நம்பிக்கையில் தெருக்களைத் தாராள அகலத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த ஊரில் இரண்டு அம்மணிகள் சேர்ந்து சீஸ் செய்வதென்று முடிவெடுத்தார்கள். எலிசபெத் மார்ஷ் ஒருவர், லுசிண்டா ஹாரிஸ் மற்றவர். இருவரிடமும் மாடு குறைவு. தனித்தனியாகச் செய்தால் நாக்கில் வைத்துப் பார்க்கத்தான் தேறும். ஆகவே ஒரு முறை உன் வீட்டுப் பால் என் வீட்டுக்கு, அடுத்த முறை என் வீட்டுப் பால் உன் வீட்டுக்கு என்று ஏற்பாடு. நிபந்தனை ஒன்றே ஒன்று. மடியை ஒட்டக் கறக்கும்போது கடைசியில் வரும் கெட்டிப்பாலை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஏடு பூராவும் அதில்தான் இருக்கிறது என்பது கறந்த கைக்குத் தெரியும்.

திருமதி மார்ஷ் எடுத்து வைத்துக்கொண்டார். மாட்டுக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. திருமதி ஹாரிஸ் கண்டுபிடித்துவிட்டார்.

யாரிடம் மறைக்கப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். லுசிண்டாவின் முதல் கணவர் வில்லியம் மார்கன். ஃப்ரீமேசன் சங்கத்தின் ரகசியங்களைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று கிளம்பி, 1826இல் நியூயார்க் மாநிலத்தில் கடத்தப்பட்டு, அதற்குப் பிறகு காணாமலே போனவர். அந்த ஒரு மனிதர் மறைந்த கோபத்தில் ஒரு அரசியல் கட்சியே பிறந்தது. அப்படிப்பட்ட வீட்டில் குடும்பம் நடத்திய பெண்ணிடம் போய் பாலேட்டை ஒளிக்கலாமா?

வழக்கு முதலில் சபையின் ஆசிரியர்களிடம் போனது. ஆசிரியர் என்பது அங்கே ஒரு குருத்துவப் பதவி. வீடு வீடாகப் போய் மனஸ்தாபங்களைத் தீர்ப்பது அவர்கள் வேலை. தீர்ப்பு, திருமதி மார்ஷுக்கு எதிராக. மேல்முறையீடு பிஷப்பிடம். அங்கும் எதிராக. அடுத்து உயர் மன்றம். பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து கெட்டிப்பாலைப் பற்றி விசாரித்தார்கள். எதிராக. கடைசியாக, சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தே அமர்ந்திருக்கும் தலைமைப் பீடம். வானத்திலிருந்து தேவதூதர் இறங்கி வந்து பொன்னேடுகளைக் காட்டியதாகச் சொன்ன மனிதர் அவர். அவர் முன்னால் இப்போது ஒரு பால் பாத்திரம். அங்கும் எதிராகத்தான் வந்தது.

மனைவிக்காக நான்கு படிகளும் ஏறி இறங்கிய கணவரின் பெயர் தாமஸ் மார்ஷ். ஏதோ ஒரு விவசாயி என்று நினைத்துவிட வேண்டாம். பன்னிரு அப்போஸ்தலர் குழுவுக்கே தலைவர். பாஸ்டனில் அச்செழுத்து வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். சபையின் வேதமான மார்மன் நூல் அச்சாகும் முன்பே, முதல் பதினாறு பக்கத்தின் அச்சுப்படியை அச்சகத்திலேயே வாங்கிக்கொண்டு போய்ப் படித்து மயங்கியவர். 1830இல் இவருக்கென்று தனியாக ஒரு தேவ வெளிப்பாடே வந்தது. அதில் உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று இருந்தது. கூடவே, உன் வீட்டைச் சாந்தமாக நடத்து, உன்னைத் திட்டுகிறவர்களைப் பதிலுக்குத் திட்டாதே என்றும் இருந்தது. எட்டு வருஷம் முன்கூட்டியே கடவுள் பால் விவகாரத்தைக் கோடி காட்டியிருக்கிறார். மார்ஷ் முதல் வாக்கியத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார் போலும்.

நரகத்துக்கே போனாலும் சரி, என் மனைவியின் பெயரைக் கெட விடமாட்டேன் என்று மார்ஷ் சபதம் போட்டாராம். மனுஷர் நரகத்துக்குப் போகவில்லை. ரிச்மண்ட் என்ற ஊருக்குப் போனார். 1838 அக்டோபர் 24 அன்று அங்கே மார்மன்களுக்கு எதிராக ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டார். உடனிருந்த இன்னொரு அப்போஸ்தலர் ஆர்சன் ஹைடும் அதை ஆமோதித்துக் கையெழுத்திட்டார். மூன்றாம் நாள் ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை மாநிலத்தை விட்டு விரட்ட வேண்டும், இல்லாவிட்டால் அழித்தொழிக்க வேண்டும் என்று ஆணை போட்டார். ஸ்மித் சிறைக்குப் போனார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குளிர்காலத்தில் மிசிசிப்பி நதியைக் கடந்து இல்லினாய்க்கு நடந்தன.

எல்லாம் ஒரு பைண்ட் பாலால் வந்த வினை. கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு இதைவிடத் தோதான கதை கிடைக்காது.

ஆனால் சொன்னவர் யார், எப்போது? ஜார்ஜ் ஏ. ஸ்மித், ஜோசப்பின் ஒன்றுவிட்ட தம்பி. சொன்னது 1856 ஏப்ரலில், சால்ட் லேக் சிட்டியில், சம்பவம் நடந்து பதினெட்டு வருஷம் ஆன பிறகு. பருத்த உடம்பு, தலையில் டோப்பா. வெயில் ஏறினால் கூட்டத்துக்கு நடுவிலேயே டோப்பாவைக் கழற்றி மண்டையைத் துடைத்துக்கொள்வாராம். இதைப் பார்த்துவிட்ட அப்பகுதிப் பழங்குடிகள், தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறவர் என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கதை சொல்வதில் கெட்டிக்காரர். சுவாரஸ்யத்துக்குக் குறைவு வைக்க மாட்டார்.

வரலாற்று ஆசிரியர்கள் தேடிப் பார்த்தார்கள். மார்மன்கள் எதையும் எழுதிவைக்கும் சாதி. யார் ஜெபம் சொன்னார், யார் வழிமொழிந்தார் என்பதுவரை குறிப்பேடு உண்டு. இன்றைக்கும் சால்ட் லேக் அருகே ஒரு கருங்கல் மலையையே குடைந்து, உலகத்து மக்களின் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவுகளை மைக்ரோஃபிலிமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர்களிடம், நான்கு நீதிமன்றம் ஏறிய ஒரு வழக்குக்கு அந்தக் காலத்துக் காகிதம் ஒரு துண்டுகூட இல்லை. உயர் மன்றத்தின் குறிப்புகள் இருக்கின்றன, பால் இல்லை.

அக்டோபரில் வேறு சில விஷயங்கள் நடந்ததற்குக் காகிதம் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தில் மார்மன்களுக்கும் மற்றவர்களுக்கும் அடிதடி முற்றியது. தாங்கித் தாங்கி அலுத்துப்போன மார்மன்கள் இந்த முறை எதிரிகளின் ஊருக்கே போய்ச் சரக்குகளை அள்ளிக்கொண்டு கடைக்கும் வீடுகளுக்கும் தீ வைத்தார்கள். டேனைட் என்ற பெயரில் ரகசியப் படை ஒன்றும் கிளம்பியிருந்தது. மார்ஷின் வாக்குமூலம் பேசுவது இதையெல்லாம்தான். ஒரு மனிதர் தீவைப்பைப் பார்த்துப் பயந்து வெளியேறினார் என்று சொன்னால், தீ வைத்தது யார் என்ற கேள்வி வரும். பாலுக்காக வெளியேறினார் என்று சொல்லிவிட்டால் கேள்வியே கிடையாது. பழி ஒரு பெண்ணின் தலையில், அதுவும் பதில் சொல்ல அங்கே இல்லாத பெண்ணின் தலையில்.

ஆணை வெளியாகி மூன்றாம் நாள், ஹான்ஸ் மில் என்ற சிற்றூரில் ஒரு கும்பல் புகுந்து பதினேழு மார்மன்களைக் கொன்றது. அவர்களில் சிறுவர்களும் உண்டு. சிரிப்பை அங்கே கொண்டுபோக மனம் வரவில்லை.

சரி, மன்னிப்புக்கு வருவோம். மார்மன் கொள்கையில் விஷயம் ரொம்பத் தெளிவு. கிறிஸ்துவின் பாவநிவாரணப் பலி எல்லோருக்குமானது. பாவி செய்ய வேண்டியது இரண்டு: அறிக்கையிட வேண்டும், விட்டுவிட வேண்டும். செய்தால் கடவுள் மன்னிப்பார். அதோடு, இனி நினைக்கவே மாட்டேன் என்றும் 1831இல் ஸ்மித்துக்கு வந்த வெளிப்பாட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதே ஆண்டு வந்த இன்னொன்று மனிதர்கள் பக்கம் திரும்புகிறது. நான் யாரை மன்னிப்பது என்பது என் இஷ்டம், நீங்களோ எல்லோரையும் மன்னித்தாக வேண்டும், மன்னிக்காதவன்மேல்தான் பெரிய பாவம் தங்கும் என்கிறது. கடவுளுக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு, நமக்கு இல்லை.

ஸ்மித் இதை நன்றாகவே செய்தார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். டபிள்யூ. டபிள்யூ. ஃபெல்ப்ஸ் என்று ஒருவர். பாட்டுக் கட்டுவார், பத்திரிகை நடத்துவார். நிலம் விற்ற பணத்தில் தகராறு வந்து 1838 மார்ச்சில் சபையை விட்டு நீக்கினார்கள். நீக்கிய சமயத்தில் ஃபார் வெஸ்ட் சபையின் தற்காலிகத் தலைவர்களில் ஒருவர் யாரென்றால், நம்ம தாமஸ் மார்ஷ். நவம்பரில் ஃபெல்ப்ஸ் நீதிமன்றத்தில் ஏறி ஸ்மித்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஸ்மித் நான்கு மாதத்துக்குமேல் லிபர்ட்டி சிறையில் கிடந்தார். 1840இல் ஃபெல்ப்ஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊதாரி மகன் மாதிரி ஆகிவிட்டேன், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. ஸ்மித் ஒரே மாதத்தில் பதில் எழுதினார். உன்னால் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல என்று ஒருமுறை சொல்லிக்காட்டிவிட்டு, போனது போகட்டும், வா தம்பி என்று முடித்தார். பாட்டுக்காரருக்குப் போகும் கடிதம் என்பதாலோ என்னவோ, கடைசியில் இரண்டு வரி எதுகையோடு.

ஃபெல்ப்ஸ் வந்தார். ஸ்மித்துக்காக எழுதிக் கொடுக்கும் பேனாவாக ஆனார். 1844இல் ஸ்மித் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டபோது இவர் எழுதிய புகழ்ப்பாட்டை மார்மன்கள் இன்றும் பாடுகிறார்கள். ஆலயச் சடங்கு நாடகத்தில் சாத்தானான பாம்பின் வேஷமும் இவருக்கே கிடைத்தது. அந்த வேஷத்துக்கு அனுபவஸ்தர் வேண்டுமல்லவா? 1847இல் மறுபடி நீக்கப்பட்டார். அனுமதியில்லாமல் கூடுதல் மனைவிகளைக் கட்டிக்கொண்டது குற்றம். பலதார மணம் நடந்துகொண்டிருந்த சபை அது. பிரச்சினை தாரத்தில் இல்லை, அனுமதியில். இரண்டே நாளில் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

வாக்குமூலத்தில் இரண்டாவது கையெழுத்துப் போட்ட ஹைடும் 1839இலேயே அழுது திரும்பினார். மன்னித்து, அப்போஸ்தலர் நாற்காலியையும் கொடுத்தார்கள். முப்பத்தாறு வருஷம் ஓடியது. 1875இல், ஸ்மித்துக்குப் பின் சபைத் தலைவரான பிரிகாம் யங் சீனியாரிட்டிப் பட்டியலைத் தூசி தட்டி எடுத்து, நடுவில் வெளியே போய் வந்தவர்களுக்கு அந்தப் பழைய சீனியாரிட்டி செல்லாது என்று ஹைடைக் கீழே இறக்கினார். இரண்டு வருஷத்தில் யங் காலமானார். இறக்கியிருக்காவிட்டால் அடுத்த தலைவர் ஹைடுதான். கடனை அடைத்து ரசீது வாங்கியாகிவிட்டது, வில்லங்கச் சான்று போட்டால் மட்டும் அந்த அடமானம் வரி வரியாக வந்து நிற்கிறது என்று பத்திர ஆபீஸ் வாசலில் புலம்புவோமே, ஹைடின் கதை அதுதான். கடவுள் மறந்துவிட்டார், குமாஸ்தா மறக்கவில்லை.

இந்த இடைவெளி மார்மன் அன்றாட வாழ்க்கையில் இன்றும் தெரியும். அங்கே முழுநேரப் பாதிரியார் கிடையாது. பிஷப் என்பவர் வாரநாட்களில் பல் பிடுங்குகிறவராகவோ கணக்கு எழுதுகிறவராகவோ இருக்கும் பக்கத்துத் தெருக்காரர், சம்பளம் கிடையாது. பெரிய பாவமென்றால் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஞாயிறு மாலை அவரிடம் ஒழுக்கக்கேட்டை அறிக்கையிட்டுவிட்டு, செவ்வாய் காலை அவர் முன்னாலேயே வாயைத் திறந்து படுக்க வேண்டிய நிலை சிலருக்கு வரும். தவம் முடியும்வரை திருவிருந்தில் பங்கெடுக்கக் கூடாது என்பார் பிஷப். எல்லாம் ரகசியம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சிறுவர்கள் அப்பத்துண்டும் தண்ணீரும் வைத்த தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். ஒருவர் மட்டும் எடுக்காமல் தட்டை அடுத்தவரிடம் நகர்த்துவார். அந்த பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரும் அதே கணத்தில் கூரையின் அழகை ரசிக்கத் தொடங்குவார்கள். வீடு போய்ச் சேரும்வரை அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

மார்ஷ் என்ன ஆனார்? 1839இல் இல்லினாயில் கூடிய மாநாடு அவரை நீக்கியது. மிசௌரியிலேயே தங்கினார். அவர் போனதில் ஒரு விளைவு. வரிசையில் அவருக்கு அடுத்திருந்த டேவிட் பாட்டன், வாக்குமூலத்துக்கு மறுநாள் நடந்த சண்டையில் செத்துப்போனார். அடுத்தவர் பிரிகாம் யங். ஆக, 1844இல் ஸ்மித் இறந்தபோது பன்னிருவர் தலைவர் நாற்காலியில் இருந்தது யங். மக்களை மேற்கே ஓட்டிச் சென்று யூட்டாவில் ஓர் உலகத்தையே கட்டினார். பால் கதை நிஜமென்றால், ஒரு பைண்ட் கெட்டிப்பாலுக்கு யங் தினமும் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

1857இல் மார்ஷுக்கு வயது அறுபதை நெருங்கியது, பக்கவாதம் தாக்கிய உடம்பு. பழைய சகாவான ஹீபர் கிம்பலுக்குக் கடிதம் எழுதினார். நான் இல்லாமல் கடவுளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, நஷ்டமெல்லாம் எனக்குத்தான் என்ற மாதிரி. ஜூலையில் நெப்ராஸ்காவில் மறுபடி ஞானஸ்நானம் பெற்று, வண்டிக் கூட்டத்தோடு சமவெளியைக் கடந்து, செப்டம்பர் தொடக்கத்தில் சால்ட் லேக்கில் வந்து இறங்கினார்.

வந்து இறங்கிய நேரம் எப்படி? அதற்கு முந்தைய ஆண்டில்தான் சீர்திருத்தம் என்ற பெயரில் ஊரையே உலுக்கியிருந்தார்கள். வீடு வீடாக ஆள் வந்து கேள்விப் பட்டியல் வாசிக்கும். கொலை செய்தாயா, அடுத்தவர் மாட்டுக்கு உன் சூடு போட்டாயா, உன் முறையில்லாதபோது வாய்க்கால் தண்ணீரைத் திருப்பினாயா, ஒழுங்காகக் குளிக்கிறாயா? குளியல் கேள்விக்கு, எனக்கே அது எப்போதும் கைகூடுவதில்லை என்கிற மாதிரி யங்கே ஒப்புக்கொண்டாராம். பாவங்களைக் கழுவ ஊரே மறுபடி தண்ணீரில் முங்கியது. முன்னின்று முக்கிய ஜெடிடையா கிராண்ட் உடம்புக்கு வந்து, 1856 டிசம்பரில் நாற்பது வயதில் இறந்தார். அந்தப் பிரசங்க மேடைகளிலிருந்து இன்னொரு போதனையும் வந்தது. சில பாவங்களைக் கிறிஸ்துவின் இரத்தம் தீர்க்காது, பாவியின் இரத்தமே சிந்த வேண்டும் என்று. அது எங்கள் கொள்கையே இல்லை என்று பின்னாளில் சபை கை கழுவியது. போதாக்குறைக்கு அமெரிக்க ராணுவம் வேறு யூட்டாவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 6, ஞாயிறு. மார்ஷ் மேடையில் தள்ளாடி நின்று பேசினார். என்னைப் பாருங்கள், சபையை விட்டால் கதி இதுதான், விட்டுப் போக நினைக்கிறவர்கள் சவுக்கடிக்கு முதுகைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார். தீர்க்கதரிசிமேல் பொறாமைப்பட்டேன், அவர் கண்ணில் குற்றம் தேடித்தேடி என் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் என்றார். பாவ அறிக்கை முழுதும் தன்னைப் பற்றித்தான். மனைவியைப் பற்றியோ, மாட்டைப் பற்றியோ, பாலைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து யங் எழுந்தார். மன்னிக்கும் மனநிலையில்தான் இருந்தார், ஆனால் நாக்கைக் கட்டிப்போட மனம் வரவில்லை. சகோதரர் மார்ஷ் தன்னைக் கிழவர் என்கிறார், பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது, எனக்கும் அவருக்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா என்று கேட்டு, ஒரு வருஷம் ஏழு மாதம் என்று கணக்கும் சொன்னார். நான் கிழவனா என்ன? இங்கே இருக்கும் எந்த வாலிபனைவிடவும் என்னைக் கட்டிக்கொள்ள அதிகப் பெண்கள் முன்வருவார்கள் என்றார். ஏற்கெனவே டஜன் கணக்கில் மனைவிகள் உள்ளவர் சொன்னது என்பதால் சபை அதை அனுபவ வாக்காகவே எடுத்துக்கொண்டிருக்கும். பிறகு, இவரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. பத்தொன்பது வருஷக் கணக்கு முடிந்தது.

மறுநாள், தெற்கே மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில், ஆர்கன்சாஸிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பங்களின் முற்றுகை தொடங்கியது. 11ஆம் தேதி வெள்ளைக்கொடி காட்டி வெளியே வரவழைத்து, சுமார் நூற்றிருபது பேரை, பெண்களும் பிள்ளைகளும் உட்பட, அப்பகுதி மார்மன் படையினர் சில பழங்குடிகளையும் சேர்த்துக்கொண்டு கொன்றார்கள். தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒருவர், ஜான் டி. லீ. இருபது வருஷம் கழித்து, 1877இல், அதே புல்வெளிக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். சபை 1870இல் நீக்கிய அவருடைய உறுப்பினர் தகுதியை 1961இல் திருப்பிக் கொடுத்தது. செத்தவர்களுக்கும் கதவு திறந்து வைத்திருக்கும் சபை அது. கொல்லப்பட்டவர்களின் சந்ததியாரிடம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது 2007இல். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சுட்டவர், பிறகுதான் சுடப்பட்டவர்கள்.

மார்ஷ் அடுத்த மாதமே மறுமணம் செய்துகொண்டார். கிழவர் என்று சொன்னது யங்கின் காதில் மட்டும் விழுந்திருக்கிறது. ஸ்பானிஷ் ஃபோர்க் ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1866 ஜனவரியில் ஆக்டனில் இறந்தார்.

மிசௌரி மாநிலமும் தன் பங்குக்கு மனம் திருந்தியது, என்ன, கொஞ்சம் நிதானமாக. மார்மன்களை அழித்தொழிக்கச் சொன்ன ஆணையை 1976 ஜூன் 25 அன்று ஆளுநர் கிறிஸ்டோபர் பாண்ட் ரத்து செய்து வருத்தமும் தெரிவித்தார். நூற்று முப்பத்தெட்டு வருஷம். அதுவரை அதைக் கிழிக்க யாருக்கும் கை எழவில்லை.

ஆணை போட்டவர் கணக்கு, கையெழுத்திட்டவர் கணக்கு, சுட்டவர் கணக்கு எல்லாம் இப்படித் தீர்ந்துபோக, 1984 ஏப்ரலில் சால்ட் லேக்கில் சபையின் பொது மாநாடு கூடியது. தலைமைப் பீடத்தில் இருந்த கோர்டன் ஹிங்க்லி எழுந்து, சின்னச் சின்னக் காரியங்களால் வரும் பெரிய பெரிய விளைவுகளைப் பற்றிப் பேசினார். உதாரணத்துக்கு அந்த இரண்டு அம்மணிகளையும் அழைத்துவந்தார். மாடு வந்தது, பால் வந்தது, ஆசிரியர்கள், பிஷப், உயர் மன்றம் என்று எல்லோரும் வரிசையாக வந்தார்கள். தீர்ப்பு இந்த முறையும் திருமதி மார்ஷுக்கு எதிராகத்தான்.